வயிறும் உள்தொடையும் வழுக்கையாகிறது: பூனைக்கு முடி கொட்டுகிறதா, நக்கி எடுக்கிறதா?

கரும்பூனை கேட்கிறார்:

நாலு வயதுப் பெண் பூனை, கருத்தடை செய்தாயிற்று, குட்டைமுடி, எடை 3.6 கிலோ. வெளியே விடுவதில்லை. அடிவயிற்றில் ஆரம்பித்து உள்தொடை இரண்டிலும் சமமாக முடி போய்க்கொண்டிருக்கிறது. தோல் வெளுப்பாகத்தான் இருக்கிறது. சிவப்பு, புண், செதில் எதுவும் இல்லை. சொறிந்து பார்த்ததில்லை. சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போல. சாதாரணச் சீப்பில் வாரிப் பார்த்ததில் பூச்சி ஏதும் கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு பூனைக்கு ஒரு குறையும் இல்லை.

இதோடு கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலும் முடி மெலிந்து தோல் தெரிகிறது. அதுவும் இதே பிரச்சினைதானா? சத்துக் குறைவு என்று பயோட்டின் சொட்டு கொடுக்கச் சொல்கிறார்கள், வேறு சிலர் மன அழுத்தம் என்கிறார்கள், எண்ணெய் தடவினால் வளரும் என்றும் ஒரு கட்சி. எதில் தொடங்குவது?

ரோமக்கால்:

கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ளதை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எல்லாப் பூனைக்கும் முடி அடர்த்தி குறைவுதான். குட்டைமுடிக் கறுப்புப் பூனையில் பளிச்சென்று தெரியும், நீளமுடியில் மறைந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பொருக்கு இல்லாமல், அரிப்பு இல்லாமல் இருந்தால் அது நோயே இல்லை.

வயிற்றுக்கு வருவோம். காரணம் தேடுவதற்கு முன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: முடி தானாக உதிர்கிறதா, பூனை நக்கிக் கடித்து எடுக்கிறதா? இந்தப் பிரிவில் தவறினால் பிறகு செய்வதெல்லாம் வீண். பூனைகளில் பெரும்பான்மை இரண்டாவது வகை. “நக்கிப் பார்த்ததே இல்லையே” என்பது சாட்சியாகாது. நாம் தூங்கும்போதும் வெளியே போகும்போதும் நக்கும், நாம் பார்த்தால் நிறுத்திவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். வழுக்கையின் ஓரத்தில் (நடுவில் அல்ல) பத்துப் பதினைந்து முடியை விரலால் பிடித்து, வளரும் திசையிலேயே மெல்ல இழுங்கள். தொட்டதும் கற்றையாகக் கையோடு வந்தால் தானாக உதிரும் வகை. பிடித்து இழுத்தால்தான் வரும் என்றால் வேர் உறுதியாக இருக்கிறது, குறை நுனியில் என்று அர்த்தம். எடுத்த முடியை ஒளி ஊடுருவும் டேப்பில் ஒட்டி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். இயற்கை நுனி ஊசிபோல் கூராக முடியும். நக்கி உடைந்தது மொட்டையாக, சில நேரம் பிளந்து இருக்கும். மருத்துவர் இதையே நுண்ணோக்கியில் பார்ப்பார், இரண்டு நிமிட வேலை. எதிர்த்திசையில் விரலை ஓட்டிப் பாருங்கள். சவரம் செய்த தாடை போல் சொரசொரப்பு இருந்தாலும் நக்குகிறது என்றே பொருள். மலத்தில் முடி, அடிக்கடி முடி உருண்டை வாந்தி, முன்பல் இடுக்கில் முடி ஆகியவையும் அதற்குத்தான் சாட்சி.

சந்தேகம் மிஞ்சினால் கழுத்தில் கோன் (நக்கவிடாமல் தடுக்கும் புனல் வடிவக் காப்பு) போடுங்கள். மூக்கு நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளவேண்டும், கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும். துணியாலான மெத்தென்ற வளையம் வயிற்றுக்குப் போதாது, பூனை வளைந்து எட்டிவிடும். மூன்று நான்கு வாரத்தில் கட்டை முடி முளைத்தால் முடியின் வேர் நலமாக இருக்கிறது என்று பொருள். ஆனால் கோன் சோதனைதான், வைத்தியமில்லை. கழற்றினால் மறுநாளே பழைய கதை தொடங்கும்.

பயோட்டின் வேண்டாம். முழுமையான, சமநிலை உணவு என்று குறிப்பிட்ட பூனைத்தீனி சாப்பிடும் பூனைக்குச் சத்துக் குறைவால் இந்த மாதிரி சமச்சீராக வயிறு வழுக்கையாவது மிக அரிது. எண்ணெய் இன்னும் மோசம்: தடவிய இடத்தைப் பூனை இருமடங்கு நக்கும். டீ ட்ரீ எண்ணெய் போன்ற நறுமண எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு. அவற்றை உடைத்து வெளியேற்ற அதன் கல்லீரலால் சரியாக முடியாது.

சீப்புக்காரர்:

“சீப்பில் பூச்சி இல்லை” என்பதை நம்பி தெள்ளுப்பூச்சியைத் தள்ளிவிடவேண்டாம். ஒவ்வாமை உள்ள பூனை நக்கி நக்கியே பூச்சியை விழுங்கிவிடும். உடம்பில் ஒன்றுகூட மிஞ்சாது. அரிப்புக்கோ சில கடிகளே போதும், காரணம் பூச்சியின் உமிழ்நீரில் உள்ள புரதம்.

பல் நெருக்கமான தெள்ளுச் சீப்பு வேண்டும், சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு பல் அளவில். சாதாரணச் சீப்பில் பூச்சி நழுவிப் போகும். வாலின் அடிப்பகுதி, முதுகின் பின்பாதி, பிடரி ஆகிய இடங்களில் வாரி, வந்த குப்பையை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டி ஒரு நிமிடம் விடுங்கள். கறுப்புத் துகளைச் சுற்றித் துருநிறம் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். வெறும் மண் அப்படிக் கசியாது. முக்கியமாக இன்னொரு பூனையை வாருங்கள். அதற்கு ஒவ்வாமை இல்லாததால் குறைவாக நக்கும், பூச்சி அதில்தான் நிம்மதியாக இருக்கும். ஆசனவாயைச் சுற்றி வெள்ளையாகச் சிறு துண்டுகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்கித்தான் அது பெரும்பாலும் வரும். அதுவும் ஒரு தடயம்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் மருந்து போட்டே பார்க்கவேண்டும். அதில் ஆட்கள் சறுக்கும் இடங்கள்:

நோயாளிக்கு மட்டும் போடுவது. வீட்டிலுள்ள பூனை, நாய் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடவேண்டும்.

ஒரே மாதத்தில் நிறுத்துவது. வளர்ந்த பூச்சி மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழுவாகத் தரையிலும் படுக்கையிலும் கிடக்கும். ஒரு பெண் பூச்சி ஒரு நாளில் நாற்பது முட்டை வரை போடும். கூட்டுப்புழுவை எந்த மருந்தும் அவ்வளவாகத் தொடாது, மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவரும். ஆகவே குறைந்தது மூன்று மாதம், இடைவெளி விடாமல்.

முடியின் மேல் ஊற்றுவது. மண்டையோட்டின் அடியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை வகிடெடுத்துத் தோலில் படும்படி சொட்டவேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டவேண்டாம். காயும்வரை இரண்டு பூனைகளையும் பிரித்து வையுங்கள், ஒன்றையொன்று நக்கும்.

கடைசியாக, உயிர் போகும் விஷயம்: நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பாதி அளவும் கூடாது, கால் அளவும் கூடாது. நடுக்கம், துடிப்பு, வலிப்பு வரும். தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு கழுவிவிட்டு அப்படியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வெந்நீர் வேண்டாம், தோல் வழி இன்னும் உறிஞ்சும். பூனைக்கென்று வரும் செலாமெக்டின், ஃபிப்ரோனில், ஃப்ளூராலனர் போன்றவற்றில் எது, எந்த எடைக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும். படுக்கைத்துணியை 60 டிகிரி நீரில் வாரம் ஒருமுறை துவைத்து, சோபா இடுக்கு, கட்டிலடி எல்லாம் வாக்யூம் போடுங்கள்.

கரும்பூனை:

லென்ஸில் பார்த்தேன், நுனிகள் மொட்டையாகத்தான் இருக்கின்றன. ஆனால் படர்தாமரையிலும் முடி உடையும் என்று படித்தேன். பூஞ்சை ஒளிரும் என்று ஊதா டார்ச் ஒன்று வாங்கி அடித்துப் பார்த்ததில் எதுவும் ஒளிரவில்லை. அதை விட்டுவிடலாமா?

ரோமக்கால்:

நல்ல சந்தேகம். பூஞ்சை பிடித்த முடியும் உடையும், ஆகவே மொட்டை நுனி மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் உங்கள் பூனையின் அமைப்பு படர்தாமரைக்குப் பொருந்தவில்லை. அது பொதுவாக முகம், காது, முன்கால் ஆகிய இடங்களில், ஒழுங்கற்ற திட்டாக, செதிலோடு வரும். குட்டிகள், நீளமுடி இனங்கள், கூட்டமாக வளரும் பூனைகள்தான் அதிகம் பாதிக்கப்படும். சில பூனைகளில் அடையாளமே தெரியாமல் இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும்.

டார்ச் விஷயம்: மலிவான ஊதா டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளம். தூசு, எச்சில், களிம்பு எல்லாவற்றையும் நீலமாகக் காட்டிக் குழப்பும். இதற்கென்றே உள்ள புற ஊதா விளக்கான வுட்ஸ் விளக்கு 365 அளவில் இருக்கவேண்டும், இருட்டறையில், முடியிலிருந்து இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டரில் பிடிக்கவேண்டும். பார்க்கவேண்டியது முடித்தண்டின் அடிப்பகுதியில் பச்சை ஆப்பிள் நிற ஒளி. செதில் ஒளிர்வது கணக்கில்லை. பூனைகளில் முக்கியக் காரணமான மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான் ஒளிரும், அதுவும் எல்லா நேரமும் அல்ல. ஒளிர்ந்தால் வலுவான சான்று; ஒளிராவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

உறுதி வேண்டுமென்றால் பூஞ்சை வளர்ப்புச் சோதனை. உறை பிரிக்காத புதுப் பல்துலக்கியால் இரண்டு மூன்று நிமிடம் உடம்பு முழுவதும் துலக்கி, சந்தேக இடத்தைக் கடைசியாகத் துலக்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேகமானது, ஆனால் செத்த வித்துக்கும் ஆம் என்று சொல்லிவிடும்.

படர்தாமரைதான் என்று வந்தால் களிம்போடு நிறுத்தக்கூடாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும். வழக்கமான முறை இட்ராகோனசோல், கிலோவுக்கு 5 மி.கி., ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இடைவெளி, இப்படி மூன்று சுற்று. கூடவே வாரம் இருமுறை லைம் சல்ஃபர் (சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசல்) நனைப்பு, அல்லது மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவிடுதல். மனிதர்களுக்கான களிம்பு வாங்கித் தடவாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு மறையும், பூஞ்சை பரவும். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் குழந்தைகளையும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் சற்றுத் தள்ளி வைக்கவேண்டியிருக்கும்.

நடுமுற்றம்:

வயிறு என்றாலே தோல் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த இழையில் குறை. வலிக்கிற இடத்தையும் பூனை நக்கும். அடிவயிற்றின் நடுக்கோட்டை ஒட்டி மட்டும் முடி போனால் சிறுநீர்ப்பையைப் பார்க்கவேண்டும். அங்கே அழற்சியோ கல்லோ இருந்தால் நேர் மேலே உள்ள தோலை நக்கிக்கொண்டே இருக்கும். பூனை ஒதுங்கும் மண் தட்டில் உருவாகும் சிறுநீர் மண்கட்டிகளை எண்ணுங்கள். நாளுக்கு இரண்டு முதல் நான்கு என்பது பொதுவான நிலை. சின்னச் சின்னதாக எட்டு பத்து இருந்தாலோ, தட்டில் உட்கார்ந்து கத்தினாலோ, தட்டுக்கு வெளியே போனாலோ சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் உடனே. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசரநிலை, மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. மூட்டுக்கு மேல் மட்டும் வழுக்கை என்றால் மூட்டுவலி. ஆசனவாயைச் சுற்றி என்றால் ஆசனப் பை (அதன் இருபுறமும் உள்ள சுரப்பிப் பை).

மன அழுத்தம் பற்றி: எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர். “மன அழுத்த வழுக்கை” என்று முத்திரை குத்தி அனுப்பிய 21 பூனைகளை முழுதாகப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. அதில் 16 பூனைகளுக்கு உடல்நோய்தான் காரணம். வேறு மூன்றுக்கு உடல்நோயும் மனமும் சேர்ந்து. மனம் மட்டும் என்று நின்றவை இரண்டே. அதனால் அமைதிப்படுத்தும் மருந்தோடு தொடங்குவது தலைகீழ் வேலை.

இருந்தாலும் இரண்டு பூனை வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடியதை இப்போதே செய்யலாம். மண் தட்டு மூன்று (பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல்), மூன்றும் ஒரே மூலையில் அல்ல. சாப்பாட்டுத் தட்டுகள் ஒன்றையொன்று பார்க்காத இடத்தில். ஏறி உட்கார உயரமான இடம் இரண்டு. நக்கும்போது அதட்டாதீர்கள், ஒளிந்து நக்கக் கற்றுக்கொள்ளும்.

கரும்பூனை:

கோன் போட்டதில் கட்டை முடி முளைத்துவிட்டது, ஆக நக்கல்தான். சிறுநீரும் ஸ்கேனும் சரி. பூஞ்சை வளர்ப்பில் ஒன்றுமில்லை. பூச்சி மருந்து இரண்டுக்கும் மூன்று மாதம் முடிந்தது. கோனைக் கழற்றியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாம் என்று ஓர் ஆய்வகம் சொல்கிறது. எடுக்கலாமா?

ரோமக்கால்:

அந்தப் பணத்தை உணவுக்கே செலவிடுங்கள். உணவு ஒவ்வாமையை ரத்தத்திலோ எச்சிலிலோ முடியிலோ நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. நலமான பூனைக்கும் “ஆம்” என்று வரும். விலக்குணவுச் சோதனை ஒன்றே வழி.

அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ஆழமில்லாத தோல் சுரண்டல் எடுத்தார்களா? டெமோடெக்ஸ் கடோய் என்ற மைட் (கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி) தோலின் மேலடுக்கில் இருக்கும், பூனைக்குப் பூனை தொற்றும், அரிக்கும், இதே போல் வயிறு வழுக்கையாகும். நக்கி விழுங்கிவிடுவதால் சுரண்டலில் சிக்காமலும் போகலாம். இன்னொரு பூனைக்கு அறிகுறி இல்லை என்பது இதை விலக்காது. சந்தேகமிருந்தால் மருத்துவர் இரண்டுக்கும் வாரம் ஒருமுறை லைம் சல்ஃபர் கொடுத்துப் பார்ப்பார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளிநகை கறுக்கும், பூனை கொஞ்சநாள் மஞ்சளாகத் திரியும். காயும்வரை கோன் அவசியம்.

இனி உணவு. இரண்டு வழி: புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரோலைஸ்டு உணவு, அல்லது இந்தப் பூனை வாழ்நாளில் தின்றிராத ஒரே இறைச்சி. பூனைகளில் அதிகம் ஒவ்வாமை தருபவை மாட்டிறைச்சி, மீன், கோழி. “தானியமில்லா உணவு” என்ற அட்டை ஒன்றையும் தீர்ப்பதில்லை. கடையில் “வாத்து உணவு” என்று விற்பதிலும் கோழிக்கொழுப்பு கலந்திருக்கும், ஆகவே சோதனைக்கென்றே தயாரித்த மருத்துவ உணவு நல்லது.

பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாளில் முழுவதும் மாற்றுங்கள். புதியதை மட்டும் எட்டு வாரம் கொடுக்கவேண்டும்; அது முழுதாக மாறிய நாளிலிருந்து எண்ணுவது. பத்தில் ஒன்பது பூனைகள் அதற்குள் பதில் சொல்லிவிடும். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் பழைய உணவுக்குத் திரும்புங்கள், வேறு பிராண்டு பாருங்கள். பட்டினி நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும், பருமனான பூனைக்கு இன்னும் விரைவாக.

சோதனை கெடுவது பெரும்பாலும் மற்றப் பூனையின் தட்டால். இரண்டுக்கும் ஒரே சோதனை உணவு கொடுத்துவிடுங்கள், காவல் காப்பதைவிடச் சுலபம். சுவையூட்டிய புழு மாத்திரை, ஜெலட்டின் உறை, மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் பசை, முடி உருண்டைக்கான மால்ட் பசை எல்லாம் நிறுத்தவேண்டும். நடுவில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

எட்டு வாரத்தில் நக்கல் நின்றால் வேலை பாதிதான் முடிந்தது. பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் திரும்ப நக்கும், அப்போதுதான் உறுதி. கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் இந்தப் படியைத் தவிர்த்தால் பருவம் மாறியதால் சரியானதா உணவால் சரியானதா என்று கடைசிவரை தெரியாது.

ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் சுற்றுப்புற ஒவ்வாமை. அதற்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் (கிலோவுக்கு 7 மி.கி. தினமும் தொடங்கி, பதில் கிடைத்தபின் குறைப்பது). மருந்துச்சீட்டில் பிரெட்னிசோன் என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். பூனையின் உடல் அதைப் பிரெட்னிசோலோனாகச் சரிவர மாற்றாது.

பழுத்தமீசை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 13 வயது ஆண் பூனைக்கும் வயிறு இதே போல. ஆனால் முடி தொட்டாலே வருகிறது, தோல் பளபளவென்று மின்னுகிறது, எடையும் இறங்குகிறது. நானும் இதே வரிசையில் போகலாமா?

நடுமுற்றம்:

கூடாது. நீங்கள் மூன்று மாதப் பூச்சி மருந்து, எட்டு வார உணவு என்று காத்திருக்கவேண்டாம், இந்த வாரமே போங்கள். வயதான பூனை, எடை இழப்பு, எளிதில் உருவும் முடி, மின்னும் தோல் நான்கும் சேர்ந்தால் கணையம் அல்லது கல்லீரல் கட்டியின் வெளி அடையாளமாக இருக்கலாம். உள்ளங்கால் மெத்தையும் பாருங்கள், வறண்டு வெடித்திருக்கிறதா என்று. வயிற்று ஸ்கேன் வேண்டும். கூடவே ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவு. பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் தைராய்டு மிகைச்சுரப்பு சகஜம். பசி கூடி எடை குறைவது, இரவில் கத்துவது, ரோமம் கலைந்து கிடப்பது அதன் அறிகுறிகள். சில பூனைகள் அதிகம் நக்கவும் செய்யும். அது மருந்துக்குக் கட்டுப்படும் நோய். அதிகம் தண்ணீர் குடிக்கிறதா, தோல் காகிதம்போல் மெலிந்து எளிதில் கிழிகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படியென்றால் அட்ரினல் சுரப்பியைப் பார்க்கவேண்டும், பூனையில் அரிதுதான் என்றாலும்.

காரணம் தெரியும்வரை நெடுநாள் வேலைசெய்யும் ஸ்டீராய்டு ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும், போட்டபின் திரும்ப எடுக்க முடியாது, நீரிழிவைக் கிளப்பிவிடும், மறைந்திருக்கும் இதயநோயை வெளிக்கொண்டுவரும். தோல் பயாப்சி எடுப்பதாக இருந்தால் அதன் முடிவையும் குழப்பும்.

சீப்புக்காரர்:

கரும்பூனை அவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. உணவுச் சோதனை நடக்கும்போது பூச்சி மருந்தை நிறுத்திவிடாதீர்கள், சோதனை முடியும்வரை அது தொடரட்டும், ஆனால் தோலில் விடும் வகையாக இருக்கட்டும், மெல்லும் மாத்திரை வேண்டாம். வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வளரும் முடி தினம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. வயிறு முழுவதும் மூட இரண்டு மூன்று மாதம் எடுக்கும்.

கரும்பூனை:

சுரண்டல் எடுக்கவில்லை. இரண்டு பூனைகளுக்கும் நாளை எடுக்கச் சொல்கிறேன், அதன்பின் உணவு. முடிவை இங்கேயே பதிகிறேன்.